எலும்பு வளர்ந்தால் போதுமா?

முதுகெலும்பு அறுவை சிகிச்சையில் எலும்பு வளர்க்கும் புரதத்தைப் பயன்படுத்துவது பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். இது மருத்துவர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயமாயிற்றே என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அப்படி அவர்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளப்பட்டதால்தான் அமெரிக்காவில் பத்தாண்டுக் காலம் ஒரு பெரிய உண்மை வெளியே வராமல் கிடந்தது. ஆகவே இது பொதுமன்றத்தில் பேசப்பட வேண்டிய விஷயம். நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் புரதம் பொய் மருந்து அன்று. மெய்யாகவே அது எலும்பை வளர்க்கிறது. ஆனால் எலும்பு வளர்ந்ததா என்று பார்த்தவர்கள், நோயாளி நலம் பெற்றாரா என்று அதே அக்கறையோடு பார்க்கவில்லை. கெடுதல் நேர்ந்ததா என்று சாட்சி சொல்ல வேண்டிய இடத்தில், அந்தப் பொருளால் வருமானம் பெற்றவர்களே நின்றார்கள். இந்த இரண்டு கோளாறும் கூடித்தான், சிலருக்கு உதவ வேண்டிய ஓர் அரிய கண்டுபிடிப்பை லட்சக்கணக்கானோர் உடம்பில் கொண்டுபோய் வைத்தன.

முதுகெலும்பை ஏன் இணைக்கிறார்கள்? நம் முதுகுத்தண்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட முள்ளெலும்புகளால் ஆனது. இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே, டிஸ்க் என்று நாம் எல்லோரும் சொல்லும் வட்டு இருக்கிறது. வட்டு தேய்ந்து, மேலெலும்பு கீழெலும்பின்மீது நழுவி, நரம்பு நசுங்கி, வலி கால்வரை இறங்கும்போது, மாத்திரையும் பயிற்சியும் பலிக்காத சிலருக்கு அந்த இரண்டு எலும்புகளையும் ஒரே எலும்பாகச் சேர்த்துவிட மருத்துவர் முடிவு செய்கிறார். 1911ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் ரஸல் ஹிப்ஸ், பிரெட் ஆல்பி என்ற இருவர் தனித்தனியே இந்த அறுவை முறையை வெளியிட்டார்கள். அன்று அவர்கள் எதிர்த்துப் போராடியது முதுகெலும்புக் காசநோயை. அன்றைக்கும் இன்றைக்கும் அடிப்படை ஒன்றுதான். ஸ்க்ரூவும் கம்பியும் கொஞ்ச காலத்துக்குப் பிடித்து நிறுத்தும். எலும்போடு எலும்பு கூடாவிட்டால் எந்த உலோகமும் ஒருநாள் தளரும், இல்லையேல் முறியும். எலும்பு கூட வேண்டுமானால் நடுவே எலும்பு வைக்க வேண்டும். அந்த எலும்புக்கு எங்கே போவது? நோயாளியின் இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து செதுக்கி எடுத்து வைப்பதே நெடுங்காலமாக நடந்து வந்த வழி. அதற்காக இன்னோர் இடத்தில் கீற வேண்டும். இன்னும் கொஞ்சம் ரத்தம் போகும். முதுகு ஆறிய பிறகும் இடுப்பு வலிக்கிறது என்று சொல்லும் நோயாளிகள் உண்டு. இந்தத் துன்பத்தை ஒழிக்க முடியாதா என்ற ஏக்கத்தில் பிறந்ததுதான் புரதத்தின் கதை. அந்த ஏக்கம் நியாயமானது. அதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

கலிபோர்னியாவில் மார்ஷல் யூரிஸ்ட் என்ற எலும்பு மருத்துவர் ஒரு சோதனை செய்தார். எலும்புத் துண்டை அமிலத்தில் ஊறவைத்து அதிலிருந்த சுண்ணாம்புச் சத்தையெல்லாம் கரைத்துவிட்டு, மிஞ்சிய சக்கையை விலங்கின் தசைக்குள் வைத்துத் தைத்தார். சில வாரங்கள் கழித்துத் திறந்து பார்த்தால், தசைக்குள் புத்தம் புதிய எலும்பு! எலும்பே இருக்கக் கூடாத இடத்தில் எலும்பு! 1965இல் சயின்ஸ் இதழில் அவர் இதை வெளியிட்டார். அந்தச் சக்கையில் ஏதோ ஒரு புரதம் இருந்துகொண்டு, எலும்பாகு என்று அக்கம்பக்கத்து உயிரணுக்களுக்கு ஆணையிடுகிறது என்பது அவர் முடிவு. உறைமோர் ஒரு கரண்டி விட்டால் பாத்திரம் முழுவதும் தயிராவது போல, மிகச் சிறிதளவு புரதம் பெரிய மாற்றத்தைத் தொடங்கி வைக்கிறது. உறைமோர் கூடிப்போனால் என்ன ஆகும் என்பது இங்கே இருக்கும் தாய்மார்களுக்குத் தெரியும். ஒரு கிலோ எலும்பை அரைத்துப் பார்த்தாலும் இந்தப் புரதம் மைக்ரோகிராம் கணக்கில்தான் கிடைக்கும். அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில். இயற்கை அவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்திய பொருள் இது. 1988இல் ஜெனிடிக்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற நிறுவனத்தில் ஜான் வாஸ்னியும் அவர் சகாக்களும் இதற்கான மரபணுக்களைப் பிரித்தெடுத்தார்கள். அதன்பிறகு வெள்ளெலியின் உயிரணுக்களை வளர்த்து, அவற்றைக் கொண்டே இந்தப் புரதத்தை வேண்டிய மட்டும் தயாரிக்க வழி பிறந்தது. பி.எம்.பி.-2 என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். 2001இல் யூரிஸ்ட் மறைந்தார். அதற்கு அடுத்த ஆண்டுதான் முதுகெலும்பில் பயன்படுத்த இதற்கு அனுமதி கிடைத்தது.

இந்தப் புரதத்தின் சக்தி எப்படிப்பட்டது என்பதற்கு இயற்கையே ஒரு கொடிய சான்று வைத்திருக்கிறது. எஃப்.ஓ.பி. என்று ஓர் அபூர்வ நோய் உண்டு. பல லட்சம் பேரில் ஒருவருக்குத்தான் வரும். அந்த நோயாளி கீழே விழுந்து அடிபட்டால், அடிபட்ட தசை ஆறும்போது எலும்பாக ஆறும். தசையில் ஊசி போட்டால்கூட அந்த இடம் எலும்பாகலாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் இறுகி, முதுகு இறுகி, தாடை இறுகி, மனிதர் தம் உடம்புக்குள்ளேயே சிறைப்பட்டுப் போகிறார். 2006இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். எலும்பு வளர்க்கும் புரதங்களின் ஆணையை வாங்கிக்கொள்ளும் ஓர் ஏற்பியில், மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அவ்வளவுதான்! ஓர் எழுத்து மாறினால் தசை எலும்பாகிறது. இவ்வளவு வலிமையான ஆணையை முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில், நரம்புகளுக்குப் பக்கத்தில், பெரிய ரத்தக்குழாய்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கும்போது எத்தனை எச்சரிக்கை வேண்டும்? அந்த எச்சரிக்கை இருந்ததா? இதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அறுவை அரங்கில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். ஒரு குப்பியில் வெள்ளைத் தூளாகப் புரதம் இருக்கும். அதில் சுத்திகரித்த நீரை விட்டுக் கரைக்கிறார்கள். மாட்டின் தசைநாரிலிருந்து செய்த கொலாஜன் பஞ்சு ஒன்று தனியே இருக்கும். கரைசலைப் பஞ்சின்மேல் சொட்டுச் சொட்டாகப் பரப்புகிறார்கள். உடனே எடுத்துவிடக் கூடாது. குறைந்தது 15 நிமிடமாவது காத்திருக்க வேண்டும், அப்போதுதான் புரதம் பஞ்சைப் பற்றிக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்தியும் ஆக வேண்டும். ஊறிய பஞ்சை இடுக்கியால் பக்குவமாகச் சுருட்டி, டைட்டேனியக் கூண்டுக்குள் செருகி, அந்தக் கூண்டை வயிற்றுப் பக்கமாக வந்து இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே திருகி வைக்கிறார்கள். பஞ்சை அழுத்திப் பிழிந்துவிட்டால் புரதம் கூண்டைவிட்டு வெளியே வழிந்துவிடும். அது போகிற இடத்திலெல்லாம் தன் வேலையைச் செய்யும். இத்தனை நுணுக்கம் இருப்பதால்தான், 2002 ஜூலையில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இன்ஃப்யூஸ் என்ற பெயரில் இதற்கு அனுமதி தந்தபோது மிகக் குறுகிய வட்டம் போட்டது. இடுப்புப் பக்கத்து முதுகெலும்பில் மட்டும். ஒரே ஒரு வட்டில் மட்டும். வயிற்றுப் பக்கமாகச் செய்யும் அறுவையில் மட்டும். அதற்கென்றே உள்ள கூண்டோடு சேர்த்து மட்டும். எலும்பு வளர்ச்சி முடிந்த பெரியவர்களுக்கு மட்டும். அதுவும் ஆறு மாதம் மற்ற சிகிச்சையெல்லாம் செய்து பார்த்த பிறகு.

அந்த அனுமதிக்கு அடித்தளமாக இருந்த ஆய்வில் 279 நோயாளிகள் இருந்தார்கள். 143 பேருக்குப் புரதம் வைத்தார்கள். 136 பேருக்கு அவரவர் இடுப்பெலும்பை வைத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, புரதம் வைத்தவர்களில் 94.5 சதவீதம் பேருக்கு எலும்பு கூடியிருந்தது. இடுப்பெலும்பு வைத்தவர்களில் 88.7 சதவீதம் பேருக்குக் கூடியிருந்தது. நல்ல செய்திதான். ஆனால் இந்த எண்களை நிதானமாகப் பாருங்கள். பழைய முறையிலேயே பத்தில் ஒன்பது பேருக்கு எலும்பு கூடிவிடுகிறது. அப்படியானால் புதிய முறையின் பெருமை எதில் இருக்க வேண்டும்? வலி குறைவதில், நடமாட்டம் கூடுவதில், வேலைக்குத் திரும்புவதில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் இரண்டு குழுவும் ஏறத்தாழ ஒன்றாகவே தேறின. எக்ஸ்ரேயில் தெரியும் வெள்ளை நிழலுக்காக யாரும் முதுகைக் கீறிக்கொள்வதில்லை. வலி தாங்காமல்தான் வருகிறார்கள். எக்ஸ்ரே வெற்றி வேறு, நோயாளியின் வெற்றி வேறு. முந்தையதைக் காட்டிப் பிந்தையதை வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு என்ன நடந்தது? எஃப்.டி.ஏ. போட்ட வட்டத்தை மருத்துவர்கள் தாண்டினார்கள். வயிற்றுப் பக்கமாக என்று அனுமதித்ததை முதுகுப் பக்கமாகச் செய்தார்கள். ஒரு வட்டுக்கு என்றதைப் பல வட்டுகளுக்குச் செய்தார்கள். இடுப்புக்கு என்றதைக் கழுத்துக்குச் செய்தார்கள். 2002இல் அமெரிக்காவில் நடந்த முதுகெலும்பு இணைப்புகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே இந்தப் புரதம் பயன்பட்டது. 2006இல் அது நான்கில் ஒன்றாகிவிட்டது. அவற்றில் மிகப் பெரும்பகுதி, ஓர் ஆய்வின்படி 85 சதவீதத்துக்குக் குறையாமல், அனுமதிக்கு வெளியே நடந்த பயன்பாடு. கழுத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? இந்தப் புரதம் எலும்பை மட்டும் வளர்ப்பதில்லை. வைத்த இடத்தில் வீக்கத்தையும் கிளப்புகிறது. இடுப்பில் வீங்கினால் வலிக்கும். கழுத்தின் முன்பக்கத்தில், மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் ஒட்டி வீங்கினால்? 2008 ஜூலையில் எஃப்.டி.ஏ. நாடு முழுவதற்கும் எச்சரிக்கை விட்டது. நான்கு ஆண்டுகளில் கழுத்து அறுவைக்குப் பின் 38 சம்பவங்கள் பதிவாகியிருந்தன. தொண்டை வீங்கி, விழுங்க முடியாமல், பேச முடியாமல், மூச்சுத் திணறி, சிலருக்குக் குழாய் செருகி, சிலருக்குத் தொண்டையில் துளையிட்டு உயிரைக் காப்பாற்ற வேண்டி வந்தது. இவற்றில் பெரும்பாலானவை அறுவை நடந்து இரண்டு நாள் முதல் பதினான்கு நாளுக்குள் நேர்ந்தவை. அந்த நாட்களில் நோயாளி எங்கே இருப்பார்? பெரும்பாலும் வீட்டுக்குப் போயிருப்பார். அறுவை நல்லபடியாக முடிந்தது என்று வீட்டார் நிம்மதியாக இருக்கும் நேரத்தில் மூச்சு முட்டத் தொடங்குகிறது. இதைச் செய்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. பாதுகாப்பானது என்று அச்சில் வந்ததை நம்பிச் செய்தார்கள். ஆகவே அச்சில் வந்தது என்ன என்று பார்க்க வேண்டும்.

அறிகுறிகள் முன்னமே இருந்தன. முதுகுப் பக்கமாகப் புரதம் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1999இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ஏன் நிறுத்தினார்கள்? சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, புரதம் வைத்த 32 பேரில் 24 பேருக்கு, வட்டு இருந்த இடத்தைத் தாண்டி, நரம்புகள் போகும் வழிக்குள்ளேயே எலும்பு வளர்ந்திருந்தது. சொந்த எலும்பு வைத்தவர்களில் 31 பேரில் 4 பேருக்குத்தான் அப்படி. 32க்கு 24! நான்கில் மூன்று பேர்! யூரிஸ்டின் சோதனையில் தசைக்குள் எலும்பு வளர்ந்ததல்லவா, அதே ஆணை இங்கே நரம்புப் பாதையில் நிறைவேறியிருக்கிறது. ஆனால் 2004இல் அந்த ஆய்வு கட்டுரையாக வந்தபோது, இதனால் நோயாளிக்குப் பாதகம் எதுவும் இல்லை என்று எழுதப்பட்டது. இருக்கலாம், சிலருக்கு இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் பாதியில் நிறுத்தப்பட்ட, சிறிய ஓர் ஆய்வைக் கொண்டு பாதகம் இல்லை என்று அறுதியிட்டுச் சொல்ல முடியுமா? அறிகுறி கண்ணுக்குத் தெரிந்த பிறகு, அதைத் தீர விசாரிப்பதுதான் மருத்துவ முறை.

2011 ஜூனில் தி ஸ்பைன் ஜர்னல் என்ற மருத்துவ இதழ், ஓர் இதழ் முழுவதையும் இந்த விசாரணைக்கென்றே ஒதுக்கியது. அதன் அன்றைய ஆசிரியர், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் யூஜின் கராகி. இந்தப் புரதத்தை விற்ற மெட்ரானிக் நிறுவனத்தின் பண உதவியோடு நடந்த 13 ஆய்வுகளை அவரும் சகாக்களும் எடுத்து வைத்துக்கொண்டு படித்தார்கள். அந்த 13 ஆய்வுகளிலும் சேர்த்து 780 பேருக்குப் புரதம் வைக்கப்பட்டிருந்தது. புரதத்தால் விளைந்த பக்க விளைவு என்று எத்தனை பதிவாகியிருந்தது? ஒன்றுகூட இல்லை. 780 பேரில் பூஜ்யம்! நண்பர்களே, சாதாரணக் காய்ச்சல் மாத்திரைக்குக்கூட இப்படியொரு நற்சான்று கிடைக்காது. எஃப்.டி.ஏ.யிடம் இருந்த ஆவணங்களோடு ஒப்பிட்டபோது, பக்க விளைவுகள் முதலில் சொல்லப்பட்டதைவிடப் பத்து மடங்கிலிருந்து ஐம்பது மடங்கு வரை அதிகமாக இருக்கலாம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். இது எப்படி நேர்கிறது? நடந்ததை யாரும் மறைக்க வேண்டியதுகூட இல்லை. நடந்ததற்குக் காரணம் அறுவைதான், புரதம் இல்லை என்று எழுதிவிட்டால் போதும். கால் வலி வந்ததா, அறுவையால். வீக்கம் வந்ததா, அறுவையால். காரணம் எது என்று தீர்மானிக்கும் பேனா யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் எண்ணிக்கையும் இருக்கிறது. 2012 அக்டோபரில் அமெரிக்க செனட் சபையின் நிதிக்குழு, அந்தப் பேனா யார் கையில் இருந்தது என்று சொன்னது. மேக்ஸ் பாக்கஸ், சக் கிராஸ்லி ஆகிய உறுப்பினர்கள் முன்னின்று நடத்திய விசாரணை அது. கட்டுரை எழுதிய மருத்துவர்களுக்கு 1996 முதல் 2010 வரை, ஆலோசனைக் கட்டணம், உரிமத் தொகை என்று பல வகையில், மெட்ரானிக் நிறுவனம் ஏறத்தாழ 21 கோடி டாலர் கொடுத்திருந்தது. கட்டுரைகளை எழுதுவதிலும் திருத்துவதிலும் நிறுவன ஊழியர்கள் பங்கெடுத்திருந்தார்கள். அந்தப் பங்கு கட்டுரையில் சொல்லப்படவில்லை. முறைகேடாகச் செல்வாக்கு செலுத்தவில்லை என்று நிறுவனம் மறுத்தது. அந்த மறுப்பை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் என் வாதம் தளராது. வாசகருக்குத் தெரிய வேண்டிய ஒன்று வாசகருக்குத் தெரியவில்லை. அது போதும்.

இங்கே நான் நிறுவனத்தின் பக்கம் இருக்கும் ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் நடுநிலை தவறியவன் ஆவேன். 2011இல் மெட்ரானிக், தன்னிடம் இருந்த ஆய்வுத் தரவுகள் அனைத்தையும், ஒவ்வொரு நோயாளியைப் பற்றிய விவரமாக, யேல் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. யேல் அவற்றை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு குழுக்களிடம் கொடுத்தது. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, அமெரிக்காவின் ஓரிகனில் இன்னொரு குழு. 2013 ஜூனில் இருவரும் தத்தம் முடிவை வெளியிட்டார்கள். எலும்பு கூடும் வாய்ப்பு புரதத்தால் சுமார் 12 சதவீதம் கூடுகிறது என்றது யார்க் குழு. ஆனால் அன்றாட நடமாட்டத்தை நூற்றுக்கு இத்தனை என்று அளக்கும் அளவுகோலில் வித்தியாசம் மூன்றரைப் புள்ளிதான். நோயாளி தம் உடம்பில் உணரும்படியான முன்னேற்றத்துக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும். அறுவை முடிந்த ஆரம்ப நாட்களில் புரதம் வைத்தவர்களுக்கு வலி கூடுதலாகவும் இருந்தது. சொந்த எலும்பைவிட இதற்குச் சிகிச்சையில் மேன்மை எதுவும் நிரூபணம் ஆகவில்லை, இன்னாருக்குத்தான் என்று தெளிவாகச் சொல்வதும் கடினம் என்ற முடிவுக்கு ஓரிகன் குழு வந்தது. யோசித்துப் பாருங்கள். ஒரே தரவு. அதே நோயாளிகள். அதே எக்ஸ்ரேக்கள். படித்த கண்கள் மட்டும் மாறின, தீர்ப்பு மாறிவிட்டது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். இடுப்பெலும்பு எடுப்பதால் வரும் வலி உங்களுக்குத் தெரியவில்லையா, அந்த வலியிலிருந்து விடுதலை கிடைப்பதே பெரிய பயனாயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. நேர்மையான கேள்வி. மேலே சொன்ன 279 பேர் ஆய்வில், இரண்டாண்டுக்குப் பிறகும் எலும்பு எடுத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அந்த இடத்தில் சங்கடம் இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் முதுகுவலிக்காரருக்கு இடுப்பின் பின்பக்கத்திலும் வலி இருப்பது சகஜம். எலும்பே எடுக்காதவரிடம் இதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வார்? 2011இல் வெளியான ஓர் ஆய்வில் இதைத்தான் கேட்டார்கள். முதுகுப் பக்கமாக இணைப்பு செய்துகொண்ட 112 பேர். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இடுப்பெலும்பு எடுக்கப்பட்டிருந்தது, மற்றவர்களுக்குப் புரதம். யாருக்கு எலும்பு எடுத்தார்கள் என்று தெரியாத ஒருவர் வந்து, ஒவ்வொருவர் இடுப்பின் இரண்டு பக்கத்தையும் கையால் அழுத்தி, வலிக்கிறதா, எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். எலும்பு எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை! எலும்பு எடுக்கும் இடத்தில் வலியே வராது என்று நான் சொல்லவில்லை. அந்த வலியின் கணக்கு பெரிதாக்கிக் காட்டப்பட்டது, அந்தப் பெரிய கணக்கை வைத்துப் புரதம் விற்கப்பட்டது என்று சொல்கிறேன்.

எதிர்த் திசையிலிருந்தும் ஒரு மறுப்பு வரும். இந்தப் புரதம் புற்றுநோயைத் தரும் என்கிறார்களே, அடியோடு தடை செய்ய வேண்டியதுதானே? இங்கேயும் அவசரம் கூடாது. 40 மில்லிகிராம் என்ற பெரிய அளவில் புரதம் வைக்கும் ஆம்ப்ளிஃபை என்ற தயாரிப்புக்கு 2011இல் எஃப்.டி.ஏ. அனுமதி மறுத்தது, புற்றுநோய் பற்றிய கவலை அந்த விவாதத்தில் பெரிய இடம் பிடித்தது. யார்க், ஓரிகன் குழுக்களும் இரண்டாண்டுக் கணக்கில் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகத் தெரிவதைக் குறிப்பிட்டன. ஆனால் மொத்த எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சேர்த்தே சொன்னார்கள். அந்தக் குழுக்களின் முடிவு வந்ததற்கு அடுத்த ஆண்டு, அமெரிக்காவின் மெடிகேர் காப்பீட்டில் இருந்த 4,67,916 முதியவர்களின் பதிவுகளை ஆராய்ந்த ஒரு குழு, புரதம் பெற்றவர்களிடம் புற்றுநோய் கூடுதலாக இல்லை என்று கண்டது. சராசரி மூன்று ஆண்டுக்கும் சற்றுக் குறைந்த காலக் கணக்கு அது. முடிவான தீர்ப்பாகாது, ஆனால் பெரிய ஆறுதல். நிறுவனம் வெளியிட்ட நல்ல செய்தியை நாம் சல்லடை போட்டுப் பார்த்தோம். கெட்ட செய்தியையும் அதே சல்லடையில் போட்டுப் பார்க்க வேண்டும். பயமுறுத்தலும் ஒருவகை விளம்பரம்தான். அதற்கும் நோயாளி விலை கொடுக்கிறார்.

இன்னும் ஒரு மறுப்பு இருக்கிறது. மருத்துவர்களின் மனத்தில் உள்ளது. அனுமதிச் சீட்டில் உள்ளதை மட்டும்தான் செய்ய வேண்டுமென்றால் மருத்துவம் முன்னேறுவது எப்படி, நிறுவனங்கள் பணம் போடாவிட்டால் இப்படியொரு புரதம் உலகத்துக்குக் கிடைத்திருக்குமா என்பார்கள். உண்மை. வட்டத்துக்கு வெளியே ஒரு மருந்தைப் பயன்படுத்துவது அமெரிக்காவில் சட்டப்படி குற்றமில்லை. குழந்தை மருத்துவமும் புற்றுநோய் மருத்துவமும் அதை நம்பியே பல காலம் நடந்திருக்கின்றன. ஆனால் வட்டத்துக்கு வெளியே போகிறவருக்கு ஒரு கூடுதல் கடமை இருக்கிறது. நான் வெளியே போகிறேன் என்று நோயாளியிடம் சொல்ல வேண்டும். போன இடத்தில் என்ன கண்டேன் என்று எழுதி வைக்க வேண்டும். நான்கில் ஒரு பங்கு அறுவைகளில் ஒரு பொருள் நுழைந்த பிறகு, அதைத் தனி மருத்துவரின் துணிச்சல் என்று சொல்ல முடியாது. கணக்கு எழுதாமல் நடந்த பெரும் பரிசோதனை அது. நிறுவனத்தின் பணத்தைப் பற்றியும் அப்படித்தான். பணம் போடட்டும், லாபமும் பெறட்டும். ஆனால் தன் பொருளுக்குத் தானே பரிசோதகராக இருக்கும் உரிமை அந்தப் பணத்தோடு சேர்ந்து வருவதில்லை.

விருப்பு வெறுப்பின்றிச் சோதித்துப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம்மூரிலேயே சான்று இருக்கிறது. இந்த அரங்கில் இருப்பவர்களில் பலருக்கு அது தெரியாமல் இருக்கலாம். ஹிப்ஸும் ஆல்பியும் எந்த நோய்க்காக முதுகெலும்பை இணைத்தார்களோ, அதே முதுகெலும்புக் காசநோய்க்கு என்ன சிகிச்சை சிறந்தது என்ற ஆய்வு சென்னையில் நடந்தது. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் சேர்ந்து நடத்தின. நடக்க முடிகிற நிலையில் இருந்த நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது போலப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு நோய் பிடித்த எலும்பை வெட்டியெடுத்து, புதிய எலும்பு ஒட்டு வைத்து, மருந்தும் கொடுத்தார்கள். மற்றவர்கள் வீட்டிலிருந்தபடியே வந்து மருந்து மட்டும் வாங்கிச் சாப்பிட்டார்கள். பத்தாண்டு காலம் பின்தொடர்ந்து 1999இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து மட்டும் சாப்பிட்டவர்கள் அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கொஞ்சமும் குறையாமல் தேறியிருந்தார்கள். அறுவை மருத்துவர்களின் கைத்திறனை அந்த முடிவு சிறுமைப்படுத்தவில்லை. யாருக்குக் கத்தி வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று அது பிரித்துக் காட்டியது. இத்தனை பொறுமையும் இத்தனை நேர்மையும் எலும்பு வளர்க்கும் புரதத்துக்கு முதல் பத்தாண்டில் வாய்க்கவில்லை. அதுதான் என் ஆதங்கம்.

அப்படியானால் இந்தப் புரதத்தை யாருக்கு வைக்கலாம்? வைக்கவே கூடாதவர்களை முதலில் ஒதுக்கிவிடலாம். கருவுற்ற பெண்கள், எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகள், அறுவை செய்யும் இடத்தில் கட்டி இருந்தவர்கள் அல்லது இருப்பவர்கள் ஆகியோருக்கு வேண்டாம் என்று தயாரிப்பின் குறிப்பேட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். கழுத்தின் முன்பக்கம் எஃப்.டி.ஏ. எச்சரித்த இடம். முதல் தடவை, ஒரே வட்டு, நல்ல எலும்பு என்று வரும் சாதாரண நோயாளிக்கு அவருடைய சொந்த எலும்பே போதும். பல ஆயிரம் டாலர் விலையுள்ள புரதம் அவருக்கு எதையும் கூட்டித் தரவில்லை என்பதை எண்கள் சொல்லிவிட்டன. ஆனால் இன்னொருவரை நினைத்துப் பாருங்கள். ஒருமுறை இணைத்தும் எலும்பு கூடாமல், ஸ்க்ரூ தளர்ந்து, மறுபடியும் அறுவை மேசைக்கு வந்தவர். இரண்டு பக்க இடுப்பெலும்பும் ஏற்கெனவே செதுக்கப்பட்டுவிட்டது; எடுக்க மிச்சமில்லை. அல்லது முதுகு முழுவதும் கோணலாகி, பல முள்ளெலும்புகளைச் சேர்த்து இணைக்க வேண்டியவர். அத்தனை நீளத்துக்கு அவருடைய உடம்பில் எலும்பு கிடையாது. எலும்பு கூடாமல் போவதே இவர்களுக்கு நோய். அங்கே எக்ஸ்ரேயின் வெற்றியும் நோயாளியின் வெற்றியும் ஒன்றாகிவிடுகின்றன. அங்கே, குறைந்த அளவில், நரம்புப் பாதைக்குத் தள்ளி, வழியவிடாமல், இந்தப் புரதத்தை வைப்பதற்கு நியாயம் இருக்கிறது. யூரிஸ்ட் கண்டுபிடித்தது இவர்களைப் போன்றவர்களுக்காகத்தான் என்று நான் நம்புகிறேன்.

அப்படி வைக்கும்போது, சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன்பாக நோயாளியிடமும் அவர் வீட்டாரிடமும் சொல்ல வேண்டியதைத் தமிழில், அவர்களுக்குப் புரியும்படி, மருத்துவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும். ஐயா, உங்கள் முதுகில் ஒரு புரதம் வைக்கப் போகிறோம். இத்தனை மில்லிகிராம் வைக்கப் போகிறோம். இந்த இடத்தில் வைப்பதற்கு அனுமதி இருக்கிறது அல்லது இல்லை. சொந்த எலும்பு வைக்காததற்குக் காரணம் இது. வீடு போன பிறகு வீக்கமோ, காலில் புதிய வலியோ, மரத்துப் போவதோ தெரிந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று சொல்ல வேண்டும். இந்தப் பொருளை விற்கும் நிறுவனத்திடமிருந்து மருத்துவர் ஏதேனும் தொகை பெற்றிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத் தயங்கும் மருத்துவரிடம், அம்மா, ஐயா, நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. இங்கே அமர்ந்திருக்கும் மருத்துவ மாணவர்களே, நாளை அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள் நீங்கள். நோயாளி கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.